அறுபதுல போற வண்டி

ஏறுங்க தம்பி. பேக்கைப் பின் சீட்டுல போட்டுட்டு முன்னாடி வாங்க. பெல்ட்டை மாட்டிக்குங்க. சித்தெ இழுத்து மாட்டோணும், அது என்ற சம்சாரம் அளவுக்கு வெச்சது. அட, நன்றியெல்லாம் எதுக்குங்க. உங்க பஸ்ஸு டயர் வெடிச்சு அவிநாசி பைபாஸ்ல நிக்குது, சனம் அத்தனையும் வெயில்ல நிக்குது, நான் ஒருத்தன் அஞ்சு பேர் போற வண்டியில தனியாப் போறேன். ஒரு ஆள் போனா வண்டி விடற புகை அத்தனையும் அந்த ஒருத்தன் தலையில. ரெண்டு ஆள் போனா ஆளுக்குப் பாதி. நீங்க ஏறுனது எனக்குத்தான் உபகாரம்.

சேலத்துக்குத்தானுங்களே? நானும் சேலம் ஜங்ஷன்தான். வேலைக்குச் சேரப் போறீங்களா, இன்னிக்கேவா? நல்லதுங்க. பத்தரைக்குள்ள போகோணுமா? போயிரலாம். நானும் பத்தே முக்காலுக்குள்ள போயே ஆகோணும். என்ற சம்சாரம் சாந்தாமணி அங்கிருந்து மெட்ராசு ரயில்ல ஏறப் போறா. அதுக்கு முன்னால நான் போய் நேர்ல நின்னு, வீட்டுக்கு வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா வர்றேங்கறா. இல்லீன்னா மெட்ராசுல மக தாரணி வீட்டுக்குப் போயிருவா. போனா அப்பறம் வர மாட்டா. அவ சுபாவம் எனக்குத் தெரியாதுங்களா.

என்னங்க பாக்கறீங்க, ஸ்பீடு முள்ளையா? அறுபதுதான். நல்லாத்தான் ஓடுது, பயப்படாதீங்க, வண்டியில ஒரு கோளாறும் இல்ல. நான் வெச்சிருக்கறதே அறுபதுதான்.

எம் பேரு நாச்சிமுத்து. கோயமுத்தூர்ல ஒரு பம்ப்செட் கம்பெனியில டெஸ்ட்டிங் செக்சன்ல இருந்து ரிட்டையர்டு ஆனவன். பம்புல பாத்தீங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நல்ல இடம் இருக்கும். அந்த இடத்துல ஓட்டுனா குடிக்கிற கரண்டுக்கு நல்லாத் தண்ணி தூக்கும். அதுக்கு மேல போட்டு முறுக்குனா சூடாகும், கத்தும், கரண்டைக் குடிக்கும், தண்ணி மட்டும் ஏறாது. நான் ஆயுசு பூரா அந்த நல்ல இடத்தைத்தான் தேடித் தேடிக் குறிச்சுக் குடுத்துட்டு இருந்தேன். வண்டிக்கும் அப்படி ஒரு இடம் இருக்குதுன்னு ரிட்டையர்டு ஆகற வரைக்கும் எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

போன வருசம் எங்க வாக்கர்ஸ் கிளப்புல ஒரு காலேஜ் புரொபசரைப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. அவரு சொன்னாரு. வண்டி நெம்ப மெதுவா ஊர்ந்தாலும் புகை ஜாஸ்தி, நின்னு நின்னு கெளம்புனாலும் ஜாஸ்தி. நூறைத் தாண்டிப் பறந்தாலும் ஜாஸ்தி, ஏன்னா வேகம் ஏற ஏற காத்து எதுத்துத் தள்ளும், அந்தக் காத்தைக் கிழிக்கறதுக்கே பெட்ரோல் போயிரும். நடுவால ஒரு இடத்துல ஒரே சீரா ஓட்டுனாத்தான் குறைவுன்னாரு. மத்தவிங்க சுண்டல் சாப்பிட்டுட்டுக் கெளம்பீட்டாங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலீங்க.

ஏன்னு கேளுங்க. கிணத்துக்கடவு பக்கம் எனக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்குது. அந்தக் கோடையில கெணறு வத்தி, மரம் ஒவ்வொண்ணா மட்டை தொங்கிப் போயிருச்சு. டேங்கர்ல தண்ணி வாங்கி ஊத்துனேன். நானே வெச்ச மரமுங்க. அது சாகறதைப் பாத்துட்டு நிக்கறது எப்படி இருக்கும்? உலகம் சூடாகுதுங்கறாங்க. நான் என்ன பண்ண முடியும், பெரிய பெரிய மில்லை நிறுத்த முடியுமா? என்னால ஆகறது இந்த வலது காலு ஒண்ணுதான். அதைச் சித்தெ தூக்கி வெச்சுக்கலாமுல்ல. அன்னிக்கு வெச்சதுதான் அறுபது. ஊரே சிரிச்சாலும் மாத்தலீங்க.

அடிக்கறான் பாருங்க ஹாரனு. அடிக்கட்டும். பக்கத்துல வந்து என்னை எட்டிப் பாத்து மொறச்சுட்டுப் போவான், பாத்துட்டே இருங்க. பாத்தீங்களா? போ ராசா, போ. அடுத்த டோல்கேட்டுல உனக்குப் பின்னாடி வந்து நிப்பேன்.

நீங்க சொல்லுங்க தம்பி, நான் பண்றது தப்புங்களா?

தப்பில்லீங்கல்ல. அதைத்தான் அவளுக்கு நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன்.

மொதல்ல எல்லாம் பேசாமத்தான் வந்தா. அப்பறம் வண்டியில ஏறுனாலே கண்ணை மூடிக்குவா. ஒரு நாளு, "உங்க கூட வண்டியில வர்றது ஜெயில்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்குது"ன்னா. ஏசி ஓடுது, பாட்டு ஓடுது, இதுல என்ன ஜெயிலுங்க? கொட்டாம்பட்டிக்கு வழி கேட்டா கொட்டைப்பாக்கு விலை சொல்றவ இல்ல அவ, நல்ல வெவரமானவ. இந்த ஒரு விசயத்துல மட்டும் ஏன் இப்படின்னு தெரியலீங்க.

சித்திரையில அவங்கப்பா தவறிட்டாரு. ராசிபுரத்துக்கு அந்தாண்ட ஊரு. வெடியக்காலையில மச்சினன் தங்கமுத்து போன் பண்ணுனாப்ல. அப்பா போயிட்டாரு மாமா, வெயிலு கடுமையா இருக்குது, மத்தியானத்துக்கு மேல வெக்க முடியாது, அக்காவைக் கூட்டிட்டு வெரசா வாங்கன்னு. சாந்தாமணி ஒண்ணும் அழுவலீங்க. சேலையை மாத்திட்டு நேரா வண்டியில வந்து உக்காந்துட்டா. நானும் ஒரு காப்பி கூடக் குடிக்கலீங்க, அப்படியே கெளம்பீட்டேன். அதை யாரும் சொல்றதில்ல.

பெருந்துறை தாண்டறப்ப, "சித்தெ அமுத்துங்க"ன்னா. நான் சொன்னேன், அமுத்துனா என்ன மிஞ்சிரும், கொஞ்ச நேரந்தான் மிஞ்சும், அதுக்குப் புகை எவ்வளவு தெரியுமான்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். பவானிகிட்ட மறுக்கா சொன்னா. மறுக்கா சொன்னேன். சங்ககிரியில, "உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன், எங்கப்பா மொகத்தை நான் பாக்கோணும்"ன்னா. பாக்கலாம் சாந்தாமணி, உன்னை விட்டுட்டு எடுத்துருவாங்களா, பொறந்த மக வராம எடுக்கற வழக்கம் நம்மகிட்ட உண்டான்னேன். அதுக்கப்பறம் மேல கைப்பிடியைப் புடிச்சுட்டு வெளிய பாத்துட்டே வந்தா. சரி, புரிஞ்சுட்டான்னு நெனச்சேன்.

விசயமங்கலம் டோல்கேட்டு வந்துருச்சு. பாருங்க எவ்வளவு நீளத்துக்கு நிக்குதுன்னு. நான் சொன்னனுல்ல, நம்மளை மொறச்சுட்டுப் போனான்ல, அந்த வெள்ளை வண்டி, அதா நிக்கறான். இதுதான் தம்பி வேகம்.

என்னங்க? எஞ்சினை அணைக்கறதா? நிக்கறப்ப அணைச்சா புகை மிச்சந்தான், புரொபசரும் சொன்னாரு. ஆனா ஏசி நின்னு போயிருமுங்க. இந்த வெயில்ல வேர்த்து ஊத்திட்டுப் போய் அவ முன்னால நின்னா நல்லாவா இருக்கும்? சட்டை புதுசு. அவ எடுத்துக் குடுத்தது, பொங்கலுக்கு. இன்னிக்குத்தான் பிரிச்சேன்.

எறங்கிக்கறீங்களா? இங்க எறங்கி என்னங்க பண்ணப் போறீங்க? ஒரு பஸ்ஸும் நிக்காது. வெயில்ல காஞ்சு கெடப்பீங்க. அதை இழுக்காதீங்க தம்பி, வண்டி நகர ஆரம்பிச்சா கதவு தானா லாக்கு ஆயிரும். நான் அமுக்கினாத்தான் திறக்கும். உக்காருங்க. கொண்டுபோய் விட்டாத்தான் எனக்கு நிம்மதி.

எங்க விட்டேன்? சங்ககிரி. சங்ககிரியில இருந்து திருச்செங்கோடு வழியா ஒரு குறுக்கு வழி இருக்குது. தூரம் கம்மிதான். ஆனா ஊருக்கு ஊரு வேகத்தடை, சந்தை, மாட்டு வண்டி. நின்னு நின்னு கெளம்போணும். அதுல போனா என்ற கணக்கெல்லாம் கெட்டுரும். அதனால பெரிய ரோட்டுலயே சேலம் போய், பைபாஸ்ல சுத்திக்கிட்டுப் போனேன். சுத்துதான், இருந்தாலும் ஒரே சீரா ஓட்டலாமுங்க. தங்கமுத்து போன் பண்ணிக்கிட்டே இருந்தாப்ல, எங்க மாமா வர்றீங்க, எங்க வர்றீங்கன்னு. வந்துட்டே இருக்கறோம்னு சொன்னேன். வந்துட்டுத்தானுங்களே இருந்தோம்.

நாங்க போய்ச் சேர்றப்ப வாசலைக் கழுவி விட்டுட்டு இருந்தாங்க.

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, பொணம் எடுத்தவொடனே வீடு வாசலைக் கழுவி விடுவாங்க. வண்டி நிக்கறதுக்கு முன்னாலயே கதவைத் திறந்து எறங்கிட்டா. அப்ப இந்தத் தானா விழற லாக்கு இல்ல, அதுக்கப்பறந்தான் மாட்டுனேன். அந்த ஈர வாசல்ல செருப்போட நின்னா. பொம்பளைங்க ஓடி வந்து கட்டிப் புடிச்சு அழுவறாங்க, இவ அப்படியே நிக்கறா. அப்பறம் என்கிட்ட வந்து, "சுடுகாட்டுக்கு ஓட்டுங்க, ஒரு தடவை பாத்துட்டு வந்தர்றேன்"னா. பொம்பளைங்க அங்க வர்ற வழக்கமில்ல, நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு நாந்தான் தடுத்தேன். தங்கமுத்து கூட அப்பறம் சொன்னாப்ல, வந்திருந்தா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க மாமான்னு. அது அப்பறம் சொல்றது சுலபம்.

நான் மட்டும் போனேன். கடைசியா மொகத்தைத் திறந்து காட்டுவாங்கல்ல, பாத்தேன். தூங்கற மாதிரி நல்லாத்தான் இருந்தாரு மனுசன். வந்து அவகிட்டச் சொன்னேன், நான் பாத்துட்டேன், மொகம் நல்லாத்தான் இருந்துச்சு, கவலைப்படாதேன்னு. ஆறுதலுக்குத்தானுங்க சொன்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்குதே. அதை இன்னும் என்னால மறக்க முடியல. எதுக்கு அப்படிப் பாத்தான்னும் தெரியல.

பொறவு தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து, ஆம்பளைங்க உக்காந்து பேசிட்டு இருந்தோம். நான் தங்கமுத்துகிட்ட, இன்னிக்கு வண்டி மைலேஜு நல்லாக் குடுத்துச்சு மாப்ளைன்னு சொன்னேன். ஒரு பேச்சுக்கு. எழவு வீட்டுல எதையாவது பேசத்தானுங்க வேணும். அவ அடுப்படியில இருந்து கேட்டிருப்பா போல.

கருமாதி முடிஞ்சு கெளம்பறோம். வண்டியைத் திருப்பி நிறுத்தி, ஏறுன்னேன். அவ வரல. "நீங்க போங்க. நான் பஸ்ஸுல வர்றேன். பஸ்ஸுல போனாத்தான் ஆளுக்குப் புகை கம்மின்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னா.

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு தம்பி. இத்தனை நாளாச் சொல்லிச் சொல்லி கடைசியில இவ மண்டையில ஏறிருச்சேன்னு. தனியா வண்டியை ஓட்டிட்டு வந்தேன், வழியெல்லாம் சந்தோசம். அடுத்த நாளு வாக்கர்ஸ் கிளப்புல எல்லாருகிட்டயும் சொன்னேன், என்ற சம்சாரம் பஸ்ஸுல வர்றேன்னுட்டாய்யான்னு.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்னேன். அடுத்த நாளும் போய் நின்னேன்.

வரவே இல்லீங்க. சித்திரை போயி, வைகாசி, ஆனி போயி, இப்ப ஆடி நடக்குது. போன் பண்ணுனா எடுத்து, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா. எப்ப வர்றேன்னு கேட்டா வெச்சிருவா. பஸ்ஸு இல்லாத ஊரா அதுன்னு நான் கேட்டேன். நேத்து சாயங்காலந்தான் அவளா கூப்பிட்டா. "தாரணி என்னை மெட்ராசுக்கே வந்துருங்கறா, டிக்கெட்டு போட்டாச்சு. இந்த மூணு மாசத்துல ஒரு தடவை நீங்களா வந்து வான்னு கூப்பிடுவீங்கன்னு பாத்தேன். நாளைக்கு ரயில் வர்றதுக்கு முன்னால வந்து நில்லுங்க, வர்றேன். நேரத்துக்கு வர முடியலீன்னா, எனக்கும் தெரிஞ்சு போயிரும்"ன்னா. என்ன தெரிஞ்சு போயிரும்னு கேக்கறதுக்குள்ள வெச்சுட்டா.

பொண்டாட்டியைப் பொறந்த வீட்டுல இருந்து புருசன் வந்து கூட்டிட்டுப் போகோணும், அதுதான் மொறை, அது எனக்கும் தெரியும். ஆனா அவளே பஸ்ஸுல வர்றேன்னு சொன்னா, நான் என்னத்தைன்னு நெனைக்கறது சொல்லுங்க? வெளையாட்டுக்குச் சொன்னான்னு எனக்கு எப்படித் தெரியும்?

பயமா இருக்குது தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. வீட்டுல ஒரு சத்தம் இல்ல. மெஸ்ஸுல சாப்பிடறேன். ராத்திரி அவ படுக்கற பக்கம் துணி துவைச்சுக் காயப் போட்டதைக் குமிச்சு வெச்சிருக்கறேன், வெறும் எடமாத் தெரியக்கூடாதுன்னு.

ஆமாங்க, நேரத்தோடதான் கெளம்புனேன். அவ ஏறப் போற ரயிலும் நம்ம கோயமுத்தூர்ல இருந்துதான் வருது. அதுக்கு நெம்ப முன்னாலயே கெளம்பீட்டேன். என்ற வேகத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் கெளம்புனேன். உங்களை ஏத்தறதுக்கு நின்னதும், இந்த டோல்கேட்டுந்தான் கணக்குல வரல.

நான் ஏன் அந்த ரயில்லயே வரலையா? நல்லாக் கேட்டீங்க போங்க. அவளை எதுல கூட்டிட்டு வர்றது? அவளுக்கு முட்டி வலி, படியெல்லாம் ஏற முடியாது. வண்டிதானுங்க வசதி.

இதா சங்ககிரி. அந்த ரோடுதான் திருச்செங்கோட்டுக்குப் பிரியறது. அதைத்தான் அன்னிக்கு... சரி விடுங்க.

நீங்க எதுக்குங்க கடியாரத்தையே பாத்துட்டு வர்றீங்க? எண்பதுல போனா ஆகாதான்னா கேக்கறீங்க? ஆகுமுங்க. அந்தப் புரொபசரே அம்பதுல இருந்து எண்பது வரைக்கும் நல்ல எடந்தான், பெரிசா வித்தியாசம் வராதுன்னுதான் சொன்னாரு. நமக்கு எதுக்கு ஓரத்துல போய் நிக்கற வம்புன்னு நாந்தான் கொறச்சு அறுபதுல வெச்சேன்.

ஏனுங்க, அப்படிப் பாக்கறீங்க?

அன்னிக்கும்... அன்னிக்கும் எண்பதுல போயிருக்கலாந்தானுங்க. புகையும் ஏறியிருக்காது. போயிருந்தா? போயிருந்தா வாசல் கழுவறதுக்கு முன்னால போயிருப்போம். அதை நான் யோசிக்காம இல்ல. யோசிச்சேன். ஆனா அவ ஒரு தடவை சொன்னா, நான் மாட்டேன்னேன். மறுக்கா சொன்னா, மறுக்கா மாட்டேன்னேன். மூணாந்தடவை போய் அமுத்துனா மொத ரெண்டு தடவை சொன்னது என்ன ஆகறது? ஆம்பளை வாயில இருந்து வந்தது வந்ததுதானுங்களே.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வெளிய பாத்துட்டு வாங்க. இங்க இருந்து கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளம் ரோட்டை ஒட்டியே வரும். பாக்க நல்லா இருக்கும்.

என்னமோ சத்தம் கேக்குதே.

ஆமாங்க. அந்த வண்டிதான். கோயமுத்தூரு வண்டி. அதேதான். பாருங்க, சன்னல் சன்னலா போகுது. சின்னப் பையன் ஒருத்தன் நமக்குக் கை காட்டறான் பாருங்க. எவ்வளவு சனம். ஆளுக்குன்னு பிரிச்சுப் பாத்தா, ரயில்லதான் தம்பி புகை...

புகை...

போயிருச்சு. கடைசிப் பொட்டியும் போயிருச்சு.

அவ பொட்டியைக் கையில புடிச்சுட்டு பிளாட்பாரத்துல நின்னுட்டு இருப்பா. தங்கமுத்து பக்கத்துல நின்னுட்டு, இன்னும் மாமாவைக் காணோம்பான். அவ வாசப்பக்கம் பாத்துட்டே நிப்பா. பெருந்துறையில ஒண்ணு, பவானியில ஒண்ணு, சங்ககிரியில ஒண்ணு, மூணு தடவை கேட்டா தம்பி. காலைத் தொட்டுக் கேட்டா.

என்னங்க? முள்ளு ஏறுதா? எங்க ஏறுது? நான் ஒண்ணும் அமுத்தல. எண்பது வரைக்கும் தப்பில்லீன்னு புரொபசரே சொல்லியிருக்காரு.

தொண்ணூறா? எறக்கமுங்க இது. எறக்கத்துல வண்டி தானா ஓடும். நான் காலை வெறுமனே வெச்சிருக்கறேன், அவ்வளவுதான்.

மேடுங்களா?

மேடுன்னா மேடாவே இருந்துட்டுப் போகுது. மேல கைப்பிடி இருக்குது, புடிச்சுக்குங்க. அவ புடிச்சுப் புடிச்சு அது சித்தெ ஆடும். பரவால்ல, கழண்டு வராது.